அட்டவணைக்குள் அடங்கும் ஊர்

(முதுகலை இரண்டாமாண்டு, புவியியல்)

யார், என்ன, எப்போது, எங்கே என்ற நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தால்தான் ஒரு செய்தி முழுமை பெறுகிறது. இவற்றுள் முதல் மூன்றையும் ஏட்டில் எழுதி வைப்பது எளிது. பெயரை எழுதலாம், நிகழ்ச்சியை எழுதலாம், நாளை எழுதலாம். 'எங்கே' என்பதை எழுத்தில் அடக்குவதுதான் கடினம். 'ஏரிக்கரைக்கு மேற்கே, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, புளியமரத்துக்கு அருகில்' என்று எழுதினால் அவ்வூரார்க்கு விளங்கும், அயலூரார்க்கு விளங்காது. அதனால்தான் மனிதன் படம் வரையக் கற்றான்.

இடத்தின் அருமையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. மற்றவை எல்லாம் அவ்விரண்டின் மேல்தான் நிற்கின்றன. அந்த நிலத்தைக் கணிப்பொறியின் தரவுத்தளத்தில் எவ்வாறு சேர்த்து வைப்பது, சேர்த்ததை எவ்வாறு கேட்டுப் பெறுவது, பெற்றதை வரைபட மென்பொருளில் எவ்வாறு காண்பது என்பவற்றை நண்பர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். புவியியல் மாணவர்க்கு மட்டும் உரிய பொருள் என்று பிற துறையினர் இதை ஒதுக்கிவிட வேண்டா. கல்வெட்டு கிடைத்த ஊர்களைத் தொகுக்கும் வரலாற்று மாணவர்க்கும், பறவைகள் கூடு கட்டிய மரங்களைக் குறிக்கும் விலங்கியல் மாணவர்க்கும், சந்தைகளை ஆராயும் பொருளியல் மாணவர்க்கும் இது பயன்படும்.

பதிவேடும் படமும்

நமக்குத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குவோம். நம் மாநிலத்தின் கிராமக் கணக்குகளில் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. புல எண், நிலத்தின் வகை, பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். புலப்படம் என்று மற்றொன்று உண்டு. அதில் ஒவ்வொரு புலத்தின் வடிவமும், எல்லைக் கோடுகளின் அளவும் வரையப்பட்டிருக்கும். முன்னது அட்டவணை, பின்னது படம். புல எண் என்ற ஒரே முடிச்சுதான் இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டுகிறது.

'இவ்வூரில் நஞ்சை எத்தனை ஹெக்டேர்?' என்று பதிவேட்டைக் கேட்டால், கூட்டிப் பார்த்து விடை சொல்லலாம். 'இந்த வாய்க்காலை ஒட்டிய நிலங்கள் எவை?' என்று கேட்டால் பதிவேடு வாய் திறக்காது. அதைப் படத்தில் பார்க்கலாம். ஆனால் 'வாய்க்காலை ஒட்டிய நிலங்களில் நஞ்சை எவ்வளவு? அவை யார் யார் பெயரில் உள்ளன?' என்று கேட்டாலோ, இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடவேண்டும். ஓர் ஊருக்கு ஒரு பகல் ஆகலாம். ஒரு வட்டத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பதிவேட்டையும் படத்தையும் ஒன்றாக்கி, இத்தகைய கேள்விகளுக்கு நொடியில் விடை தரச் செய்வதே நாம் காணப்போகும் முறை.

தரவுத்தளம் என்பது யாது?

1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்ற கணித அறிஞர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். செய்திகளை எல்லாம் எளிய அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம், ஒரு செய்தியை ஓர் இடத்தில் மட்டும் எழுதினால் போதும், தேவைப்படும்போது அட்டவணைகளைப் பொது எண் ஒன்றால் இணைத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். உறவுநிலைத் தரவுத்தளம் என்று இன்று நாம் வழங்குவது இதிலிருந்து பிறந்ததுதான்.

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். மாணவர் அட்டவணை ஒன்று. துறை அட்டவணை ஒன்று. குறுக்கே செல்லும் ஒவ்வொரு நிரையும் ஒரு மாணவர். கீழ்நோக்கிச் செல்லும் ஒவ்வொரு நிரலும் ஒரு விவரம். மாணவர் அட்டவணையில் துறையின் எண் மட்டும் இருக்கும். துறைத் தலைவர் மாறினால் துறை அட்டவணையில் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஆயிரம் மாணவர்களின் நிரைகளைத் தொடவேண்டியதில்லை. இவ்வட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கென்று எஸ்.கியூ.எல். என்ற வினவு மொழி ஒன்று உண்டு. 'இன்ன நிரல்களை, இன்ன அட்டவணையிலிருந்து, இன்ன நிபந்தனைக்கு உட்பட்டுத் தேர்ந்தெடு' என்பதே அதன் அமைப்பு. எப்படித் தேடுவது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. எது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

வடிவத்துக்கும் ஒரு நிரல்

இத்தகைய அட்டவணையில் இடத்தை எப்படி எழுதுவது? ஒரு கிணறு என்றால் தீர்க்கரேகைக்கு ஒரு நிரல், அட்சரேகைக்கு ஒரு நிரல் என இரண்டு எண்களாக எழுதிவிடலாம். ஓர் ஏரியின் கரைக்கு என்ன செய்வது? அதன் எல்லையில் நாற்பது திருப்பங்கள் இருக்கலாம். பக்கத்து ஏரியில் நானூறு இருக்கலாம். அத்தனைக்கும் நிரல் வகுக்க முடியாது.

இதற்கு நெடுங்காலம் கண்ட வழி, விவரங்களை அட்டவணையிலும் வடிவங்களைத் தனிக் கோப்புகளிலும் வைப்பதாகும். 'ஷேப்ஃபைல்' என்று வழங்கும் வடிவக் கோப்பு இவ்வகையில் புகழ்பெற்றது. இன்றும் வழக்கில் உள்ளது. பெயரளவில் ஒரு கோப்பு எனினும், வடிவத்துக்கு ஒன்று, சுட்டுக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று எனக் குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்ததே அது. ஒன்று தொலைந்தாலும் பயன் குன்றும். நிரலின் பெயர் பத்து எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. இவற்றினும் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நால்வர் சேர்ந்து வேலை செய்தால் நால்வரிடமும் நான்கு படிகள் சேர்ந்துவிடும். அவற்றுள் எது கடைசியாகத் திருத்தப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது.

வடிவத்தையே ஒரு நிரலாக்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது. எண்ணுக்கு ஒரு நிரல், எழுத்துக்கு ஒரு நிரல், நாளுக்கு ஒரு நிரல் இருப்பதுபோல வடிவத்துக்கும் ஒரு நிரல். அதில் ஒரு புள்ளி இருக்கலாம். ஒரு கோடு இருக்கலாம். மூடிய எல்லையுள்ள ஒரு பரப்பும் இருக்கலாம். கிணறு புள்ளி, வாய்க்கால் கோடு, ஏரி பரப்பு. நாற்பது திருப்பமானாலும் நானூறு திருப்பமானாலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

இம்முறையில் அமைந்த மென்பொருள்கள் பல. நான் பயின்றது, கட்டணமின்றிக் கிடைக்கும் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற தரவுத்தளமும், அதனுடன் சேரும் போஸ்ட்ஜிஸ் என்ற இணைப்பும் ஆகும். முன்னது, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. பின்னது, கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 2001இல் வெளியிட்டது. இவ்விணைப்பைச் சேர்த்தவுடன் தரவுத்தளத்துக்குப் புதிய கேள்விகள் புரியத் தொடங்குகின்றன. இரண்டுக்கும் இடையே தொலைவு எவ்வளவு? இது அதற்குள் அடங்குமா? இக்கோடு அப்பரப்பை வெட்டுமா? இதன் பரப்பளவு என்ன? இத்தகைய நூற்றுக்கணக்கான வினைகள் அதில் உள்ளன.

ஒரு கைப்பம்பின் வரலாறு

இதன் ஆற்றலை விளக்க உண்மையான நிகழ்ச்சி ஒன்றைக் கூற விரும்புகிறேன். நம் நூல்களில் 'வரைபடத்தால் காலராவை வென்ற கதை' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இது. அச்சுருக்கத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது என்பது என் கருத்து.

1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இரவு, இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. அது ஓய்வதற்குள் 616 பேர் மாண்டனர். கெட்ட காற்றால் காலரா பரவுகிறது என்பதே அன்றைய மருத்துவ உலகின் நம்பிக்கை. குடிநீரால் பரவுகிறது என்று கருதியவர் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர். அவர் முதலில் செய்தது படம் வரைவது அன்று. இறப்புப் பதிவு அலுவலகத்துக்குச் சென்று, செப்டம்பர் 2ஆம் நாளோடு முடிந்த வாரத்தில் அப்பகுதியில் காலராவால் இறந்தவர்களின் பட்டியலைப் பெற்றார். அதில் 89 இறப்புகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முகவரி இருந்தது. அதுதான் அவருடைய அட்டவணை.

பட்டியலோடு தெருவுக்கு வந்து பார்த்தபோது, ஏறத்தாழ எல்லா இறப்புகளும் பிராட் தெருக் கைப்பம்பின் அருகிலேயே நிகழ்ந்திருப்பது தெரிந்தது. வேறொரு பம்புக்குத் தெளிவாக அருகில் இருந்த வீடுகளில் நிகழ்ந்தவை 10 மட்டுமே. நம்மில் பலர் அவற்றை விதிவிலக்கு என்று தள்ளியிருப்போம். ஸ்னோ அந்தப் பத்தையும் தேடிச் சென்று விசாரித்தார். ஐந்து குடும்பத்தார், அருகிலுள்ள பம்பை விட்டுவிட்டு எப்போதும் பிராட் தெருவிலிருந்தே தண்ணீர் தருவிப்பதாகக் கூறினர். மூன்று இறப்புகள், அப்பம்புக்கு அருகிலிருந்த பள்ளிக்குச் சென்றுவந்த குழந்தைகளுடையவை. எஞ்சியவை இரண்டே இரண்டு.

பம்புக்கு அருகிலிருந்தும் தப்பியவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. போலந்து தெருவின் ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தனர், இறந்தவர் ஐவரே. அவ்விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மது வடிப்பாலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளருள் ஒருவரும் இறக்கவில்லை. அவர்கள் பம்பு நீரைக் குடிப்பதில்லை. ஆலைக்குள்ளும் ஆழ்கிணறு இருந்தது.

செப்டம்பர் 7ஆம் நாள் ஊர்ப் பொறுப்பாளர்களிடம் ஸ்னோ இச்செய்திகளை எடுத்துரைத்தார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் பலர் ஊரை விட்டு ஓடியதால் அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதை அவரே நேர்மையுடன் ஒப்புக்கொண்டார். புகழ்பெற்ற அவரது வரைபடம் காட்சிக்கு வந்தது டிசம்பர் மாதத்தில். பட்டியல் முதலில் வந்தது. கேள்வி அடுத்து வந்தது. படம் கடைசியில்தான் வந்தது. இவ்வரிசையை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். இடத்தோடு கூடிய அட்டவணையும் அதைக் கேட்கத் தெரிந்த மனமும் இருந்தமையால்தான் அப்படம் பொருள் உடையதாயிற்று.

அதே கேள்வி, கணிப்பொறியில்

ஸ்னோவின் படத்திலுள்ள புள்ளிகளைப் பிற்கால ஆய்வாளர்கள் எண்களாக மாற்றி, எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டுள்ளனர். அவற்றை வைத்து நான் செய்து பார்த்த முறையைக் கூறுகிறேன்.

முதலில் இரண்டு அட்டவணைகள் அமைத்தேன். 'இறப்புகள்' என்ற அட்டவணையில் அடையாள எண், அவ்விடத்தில் இறந்தோர் எண்ணிக்கை, இடம் என்று மூன்று நிரல்கள். 'பம்புகள்' என்பதில் அடையாள எண், பெயர், இடம் என்று மூன்று. இரண்டிலும் இடம் என்பது புள்ளி வகை. பிராட் தெருப் பம்பின் இடத்தில் 'பாயின்ட்' என்ற சொல்லும், அடைப்புக்குறிக்குள் -0.1366, 51.5133 என்ற இரண்டு எண்களும் சேர்கின்றன. முன்னது தீர்க்கரேகை, கிரீனிச்சுக்கு மேற்கே இருப்பதால் குறை எண். பின்னது அட்சரேகை.

பின்பு கேள்வி: 'ஒவ்வோர் இறப்புக்கும், எல்லாப் பம்புகளுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிட்டு, மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடு, பம்புவாரியாக இறப்புகளைக் கூட்டு.' வினவு மொழியில் இது சில வரிகளில் முடிகிறது. விடையில் மற்றப் பம்புகளை எல்லாம் விட பிராட் தெருப் பம்பு வெகுதொலைவு முந்தி நிற்கிறது. இவ்விரண்டு அட்டவணைகளுக்கும் பொது எண் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாணவரையும் துறையையும் துறை எண் இணைத்தது. இங்கே இணைப்பது இடம். புல எண் செய்த வேலையை நிலமே செய்கிறது. இதுதான் இம்முறையின் உயிர்நாடி.

அடுத்த கேள்வி, 'அருகிலுள்ள பம்பு பிராட் தெருவினது அல்லாத இறப்புகள் எவை?' என்பது. ஸ்னோவைப் போல நாமும் விதிவிலக்குகளைத் தனியே பிரித்தெடுக்கலாம். ஏழையர் விடுதியின் எல்லையை ஒரு பரப்பாக மூன்றாம் அட்டவணையில் சேர்த்தால், 'இதற்குள் அடங்கும் இறப்புகள் எத்தனை?' என்றும் கேட்கலாம்.

ஒரு நுட்பத்தையும் இங்கே சொல்லவேண்டும். கணிப்பொறி காணும் தொலைவு பறவை பறக்கும் நேர்த்தொலைவு. குடத்துடன் செல்பவர் வீடுகளின் மேல் பறந்து செல்வதில்லை; தெருவைச் சுற்றித்தான் செல்கிறார். ஸ்னோ இதை அறிந்திருந்தார். தம் படத்தின் பின்னைய பதிப்பில், பிராட் தெருப் பம்புக்கும் மற்றப் பம்புகளுக்கும் நடைத்தொலைவு சமமாகும் இடங்களைக் கோடாக இணைத்துக் காட்டினார். இதைக் கணிப்பொறியில் செய்யத் தெருக்களையும் ஓர் அட்டவணையாக்கி, அவற்றின் வழியே தொலைவு காணவேண்டும். அதற்கு பிஜிரவுட்டிங் என்ற மற்றோர் இணைப்பு உண்டு.

எந்த அளவுகோல்?

தரவுத்தளத்தில் இடத்தைச் சேர்க்கும்போது, எண்களோடு அவை எந்த அளவு முறையைச் சேர்ந்தவை என்பதையும் சேர்த்தல் வேண்டும். 'பத்து' என்றால் பத்து அடியா, பத்து மீட்டரா என்று கேட்போம் அன்றோ? அதுபோன்றதே இது. ஒவ்வோர் அளவு முறைக்கும் ஓர் எண் உண்டு. செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவிகள் தரும் பாகை அளவுக்கு 4326. பிரித்தானிய நாட்டுக் கட்ட முறைக்கு 27700.

பாகையில் உள்ள வடிவங்களுக்கு இடையே அப்படியே தொலைவு கேட்டால் விடையும் பாகையில்தான் வரும். 0.002 பாகை என்பதை வைத்துக்கொண்டு நடைத்தொலைவை உணர முடியாது. அதுமட்டுமன்று, கிழக்கு மேற்காக ஒரு பாகையின் நீளம் நிலநடுக்கோட்டில் சுமார் 111 கிலோமீட்டர், வடக்கே செல்லச் செல்ல அது குறையும். இலண்டனில் 70 கிலோமீட்டருக்கும் குறைவே. ஆகவே சோஹோப் புள்ளிகளை 27700க்கு மாற்றிய பின்னரே மீட்டரில் அளந்தேன்.

நம் நாட்டுக்கு இதில் தனி வரலாறு உண்டு. 1802 ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவை அதிலிருந்து வளர்ந்தது. 1830இல் எவரெஸ்ட் கணித்த பூமி வடிவமே நம் பழைய நில வரைபடங்களுக்கு அடிப்படை. செயற்கைக்கோள் கருவி கொள்ளும் பூமி வடிவம் வேறு. எனவே பழைய படத்தில் குறித்த ஒரு மலையுச்சியும், கருவி காட்டும் அதே மலையுச்சியும் நூறு மீட்டருக்கும் மேல் விலகி நிற்கும். அளவு முறையின் எண்ணைச் சரியாகக் குறித்திருந்தால் தரவுத்தளம் ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும். குறிக்காவிட்டால் கிணறு அடுத்தவர் நிலத்தில் போய் உட்காரும்.

மீட்டர் அளவுக்கு உலகை ஆறு ஆறு பாகை கொண்ட பட்டைகளாகப் பிரித்துள்ள முறையைப் பலர் கையாள்கின்றனர். 78ஆம் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே செல்வதால், கோவை 43ஆம் பட்டையிலும் சென்னை 44ஆம் பட்டையிலும் அமைகின்றன. இரண்டு மாவட்டத் தரவுகளைச் சேர்ப்போர் இதை மறவாதிருத்தல் வேண்டும். மேலும், தரவுத்தளம் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் எதிர்பார்க்கிறது. நாமோ பேச்சில் மாற்றிச் சொல்கிறோம். சென்னையை மாற்றி எழுதினால் அது வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்ட் தீவுகளருகே போய் நிற்கும்!

தேடலை விரைவாக்கும் சுட்டு

சோஹோவின் சில நூறு புள்ளிகளுக்குக் கணிப்பொறி களைப்பதில்லை. ஒரு மாநிலத்தின் புலங்கள் அனைத்தையும் சேர்த்தால் நிரைகள் கோடிக்கணக்கில் செல்லும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் விடை வருவதற்குள் பொழுது போய்விடும்.

நூலகத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு நூல் வேண்டுமென்றால் எல்லா நூல்களையும் புரட்டுவதில்லை. எந்தப் பிரிவு, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று படிப்படியாகச் சுருக்கிக்கொண்டே செல்கிறோம். 1984இல் அன்டோனின் கட்மன் என்பவர் வெளியிட்ட 'ஆர் மரம்' என்ற முறை இதைத்தான் வடிவங்களுக்குச் செய்கிறது. ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி ஒரு நீள்சதுரப் பெட்டி கற்பிக்கப்படுகிறது. அருகருகே உள்ள பெட்டிகள் ஒரு பெரிய பெட்டிக்குள். அவை அதனினும் பெரிய பெட்டிக்குள். கேட்ட இடத்தைத் தொடாத பெரிய பெட்டியை, அதற்குள் இருக்கும் ஆயிரம் வடிவங்களோடு ஒரேயடியாக ஒதுக்கிவிடலாம். எஞ்சிய சிலவற்றுக்கு மட்டும் எல்லைக் கோட்டை நுணுகிப் பார்த்தால் போதும். இச்சுட்டை உண்டாக்க ஒரு வரிக் கட்டளை போதும்.

கண்முன் விரியும் படம்

இதுவரை சொன்னவை எல்லாம் எண்ணும் எழுத்தும். படமாகக் காண வரைபட மென்பொருள் வேண்டும். நான் பயன்படுத்துவது கியூஜிஸ் என்பது. 2002இல் தொடங்கப்பெற்ற இதுவும் கட்டணமின்றிக் கிடைப்பது.

இணைக்கும் முறை எளிது. தரவுத்தளம் இயங்கும் கணிப்பொறியின் பெயர், வாயில் எண், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், மறைச்சொல் ஆகிய ஐந்தையும் ஒருமுறை கொடுத்தால் போதும். வாயில் எண் வழக்கமாக 5432. உடனே வடிவ நிரல் உள்ள அட்டவணைகள் வரிசையாகத் தோன்றும். வேண்டியதைத் தேர்ந்தால் அது ஓர் அடுக்காகத் திரையில் விரியும். இறப்புகள் ஓர் அடுக்கு. பம்புகள் அதன் மேல் மற்றோர் அடுக்கு. எண்ணிக்கைக்கு ஏற்பப் புள்ளியைப் பெரிதாகவோ சிறிதாகவோ காட்டலாம். படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கினால், திரையில் தெரியும் பகுதிக்குள் அடங்கும் நிரைகளை மட்டும் கியூஜிஸ் கேட்டு வாங்குகிறது. முன்சொன்ன சுட்டு அங்கே உதவிக்கு வருகிறது.

படம் தரவுத்தளத்தில் இல்லை என்பதே இதில் அறியவேண்டிய உண்மை. அங்கே இருப்பது அட்டவணை. படம் அதைப் பார்க்கும் பல வழிகளுள் ஒன்று. நாம் எழுதிய கேள்வியையே பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம். நிரைகளை வேறுபடுத்தும் அடையாள எண் ஒன்று அதில் இருந்தால், கியூஜிஸ் அதையும் ஓர் அடுக்காகக் காட்டும். 'அருகிலுள்ள பம்பு வேறாக இருந்த இறப்புகள்' என்ற கேள்வியை இவ்வாறு அடுக்காக்கினால், புதிய இறப்பு ஒன்று அட்டவணையில் சேர்ந்ததும், படத்தைப் புதுப்பிக்கும்போது அதுவும் தோன்றும். செதுக்கி அச்சிட்ட படத்துக்கு இது இயலாது.

பலர் கூடி வேலை செய்யவும் இம்முறையே ஏற்றது. ஒருவர் திரையில் ஒரு புள்ளியை நகர்த்திச் சேமித்தால் அட்டவணையின் நிரை மாறுகிறது. மற்றவர் அடுத்து அழைக்கும்போது மாறியதே வருகிறது. ஒரு நிலத்தை இரண்டாகப் பிரிக்கும்போது பழைய நிரையை நீக்குவதும் புதிய இரண்டைச் சேர்ப்பதும் ஒரே செயலாக நடக்கும். இடையில் மின்சாரம் நின்றாலும் பாதி நடந்து பாதி நில்லாது. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்ற உரிமைகளையும் தனித்தனியே வகுக்கலாம். நோயாளிகளின் வீடுகளைப் புள்ளியாக வைக்கும்போது இவ்வுரிமைகள் மிகவும் இன்றியமையாதவை. பெயரை நீக்கிவிட்டாலும் இடம் ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

முடிவுரை

இத்துணை ஆற்றல் வாய்ந்த கருவி செய்ய இயலாத ஒன்றும் உண்டு. பத்து விதிவிலக்குகள் எவை என்று அது நொடியில் சொல்லும். ஐந்து குடும்பத்தார் ஏன் தொலைவிலிருந்து தண்ணீர் தருவித்தனர், மூன்று குழந்தைகள் எந்தப் பள்ளிக்குச் சென்றனர் என்பவற்றை அது அறியாது. அவற்றை அறியக் கதவைத் தட்டித்தான் கேட்கவேண்டும். எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று காட்டுவதே தரவுத்தளத்தின் பணி. தட்டுவது நம் பணி. பதிவு எழுத்தர் முகவரியை எழுதாது விட்டிருந்தால் ஸ்னோவுக்கு எந்தக் கதவும் தெரிந்திராது. ஆகவே 'எங்கே' என்பதைச் செவ்வனே எழுதி வைப்பவரும் அவ்வெற்றியில் பங்குடையவரே.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரிக்கிறோம். குடும்பத் தலைவர் பெயரையும், உறுப்பினர் எண்ணிக்கையையும், குடிநீர் வசதியையும் எழுதுகிறோம். இனி அவற்றோடு இடத்தையும், அதன் அளவு முறையையும் சேர்த்து எழுதுவோம். மென்பொருளுக்குச் செலவில்லை, துறைக்கு ஒரு கணிப்பொறி இருந்தால் போதும். ஒவ்வோராண்டும் வரும் மாணவர்கள் அதே தரவுத்தளத்தில் தம் பங்கைச் சேர்த்துக்கொண்டே வந்தால், சில ஆண்டுகளில் நம் சுற்றுவட்டாரத்தின் கிணறும் குளமும் தெருவும் பள்ளியும் அதில் அடங்கிவிடும். அன்று ஓர் ஊரில் நோய் என்றாலோ, நீர்ப் பஞ்சம் என்றாலோ, கேட்ட கேள்விக்கு விடை தர அட்டவணை ஆயத்தமாக இருக்கும். அதற்கான முதல் நிரையை இவ்வாண்டே எழுதத் தொடங்குவோம்.